ஆறாவது விளக்கு

எண்ணிப் பார்க்காமல் புஷ்பவல்லி ஒரு நாளும் வகுப்பறையைப் பூட்டியதில்லை. பதினொரு பிள்ளைகள், பதினொரு ஜோடி காலணிகள், பதினொரு தண்ணீர்ப் போத்தல்கள், எட்டுக் கத்தரிக்கோல், டப்பாவில் நாற்பது வண்ண மணிகள். பக்கத்து வகுப்பு லோகேஸ்வரி கதவோரம் நின்று, "ஏன்க்கா, மணி ஒன்னு குறைஞ்சா போலீஸ் ரிப்போர்ட் பண்ணப் போறீங்களா?" என்று கேட்பாள். புஷ்பவல்லி சிரித்துக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

வயது நாற்பத்தாறு. மலேசியாவில் பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடிந்ததும் கிள்ளானில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். கையுறையை ஊதி வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பதினொரு வருஷம் அதைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளுக்குப் போய் பாலர் கல்வியில் டிப்ளோமா வாங்கி, கிள்ளானிலேயே ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் தனியார் பாலர் பள்ளியில் டீச்சரானாள். கணவன் சின்னையா போர்ட் கிள்ளானில் கொள்கலன் லோரி ஓட்டுகிறான்.

பயம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. கேஸ் அடுப்பு, பூட்டாத கதவு, மழையில் போகும் லோரி, தெரியாத எண்ணிலிருந்து வரும் போன், எல்லாமே பயம். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் பயந்த எதுவும் ஒரு நாளும் நடந்ததில்லை. சின்னையா அதைச் சொல்லித்தான் கேலி செய்வான். அவளுக்கோ அந்தப் பேச்சு இன்னும் கொஞ்சம் பயத்தைக் கொடுக்கும். இத்தனை வருஷம் நடக்காமல் இருந்தது ஏதோ ஒரு நாளுக்காகக் காத்திருக்கிறது என்று தோன்றும்.

பள்ளியை நடத்துபவள் ஷாமினி. முப்பத்து மூன்று வயது, வேகமானவள். சென்ற வருஷத் தொடக்கத்தில் அவள் மூன்று டேப்லட்டுகளோடு வந்து நின்றாள்.

"இனிமே சயின்ஸ் எல்லாம் ஆப்ல தான்க்கா. பேரண்ட்ஸ் அதைத்தான் கேட்கிறாங்க. உங்க நாலு வயசு கிளாஸ்ல ஆரம்பிக்கலாம்."

செயலியில் மஞ்சள் தொப்பி போட்ட ஓர் ஆமை வந்து, செய்தி வாசிப்பவரைப் போன்ற தமிழில் பாடம் சொல்லும். மிதப்பது எது, மூழ்குவது எது, காந்தம் எதை இழுக்கும், விதை எப்படி முளைக்கும். புஷ்பவல்லி முதல் வாரம் முழுக்க அந்தக் கண்ணாடித் திரையைத் தொடவே தயங்கினாள். எதையாவது தட்டி எல்லாம் அழிந்துவிட்டால்? கிஷன் என்ற நான்கு வயதுப் பையன்தான், "அதைத் தட்டாதீங்க டீச்சர், இழுக்கணும்," என்று அவள் விரலைப் பிடித்து இழுத்துக் காட்டினான்.

பயம் தெளிந்த பிறகு ஒன்றைக் கவனித்தாள். எந்தப் பொருள் மிதக்கும் என்று ஆமை கேட்டால் பிள்ளைகள் யோசிப்பதில்லை. இருக்கிற படத்தை எல்லாம் வரிசையாகத் தட்டினார்கள். ஏதாவது ஒன்று சரியாகும், ஆமை கைதட்டும், பிள்ளைகளும் கைதட்டுவார்கள். ஒரு நாள் சஹர் என்ற பெண் பிள்ளை இலையைத் தண்ணீரில் இழுத்துப் போட்டுவிட்டுத் தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"என்னம்மா?"

"ஈரமே இல்ல டீச்சர்."

மறுநாள் புஷ்பவல்லி வீட்டிலிருந்து ஒரு பேசினைக் கொண்டு வந்து தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைகள் கூச்சல் போட்டு மேசையை நனைத்தார்கள். இலை மிதந்தது, மாங்காய் மூழ்கியது. மாங்காய் மூழ்கும் என்று யாரும் சொல்லவில்லை. சஹர் அதைத் தூக்கித் தூக்கிப் போட்டு, அது மனசு மாறுமா என்று பார்த்தது.

அன்றிலிருந்து அவள் வழக்கம் அதுதான். முதலில் செயலி, பிறகு நிஜப் பொருள். பயத்தோடுதான் செய்தாள். பேசினில் இரண்டு விரல் ஆழத்துக்கு மேல் தண்ணீர் கிடையாது. பிள்ளையின் மூடிய கையை விடச் சின்னதாக எதுவும் மேசைக்கு வரக்கூடாது. கொண்டுவரும் இலையை முதலில் தன் முழங்கையில் தேய்த்து அரிக்கிறதா என்று பார்ப்பாள். ஷாமினி வீடியோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டாள். 'வாவ் டீச்சர்' என்று பதில்கள் வந்தன. வேலைக்காக யாரும் தன்னை இப்படிப் பாராட்டியதாக அவளுக்கு நினைவில்லை.

தீபாவளி கழிந்து மூன்றாவது வாரம் ஒளியும் நிழலும் பாடம் வந்தது. செயலியில் கரடியை விளக்குக்குப் பக்கத்தில் இழுத்தால் நிழல் பெரிதாகும், தள்ளினால் சின்னதாகும். கடைசியில் ஆமை, 'நீயே செய்து பார்' என்று சொல்லும். சின்ன விளக்கின் முன்னால் பொம்மையை வைத்து, சுவரில் விழும் நிழலை டேப்லட்டிலேயே படம் எடுக்க வேண்டும். எந்தப் பிள்ளை, எத்தனை மணி என்று செயலி தானே குறித்து வைத்துக்கொள்ளும்.

பள்ளியில் டார்ச் ஒன்றே ஒன்று. புஷ்பவல்லிக்குத் தன் வீட்டு அலமாரியில் இருந்த தீபாவளி விளக்குகள் நினைவுக்கு வந்தன. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் வாங்கிய பிளாஸ்டிக் தாமரைகள், பேட்டரியில் எரிபவை, ஆறு. பிள்ளையின் கையை விடப் பெரியவை. ஓரம் கூராக இல்லை, சூடாவதில்லை. அடியில் பேட்டரி மூடி இருந்தது. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், திறக்கவில்லை. அடியில் ஒன்று முதல் ஆறு வரை எண்ணை ஒட்டி, டேப்லட்டுக்கு இரண்டாகப் பிரித்து வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பாடம் நடந்தது. திரைச்சீலையை இழுத்து மூடியதும் பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். பிறகு டைனோசர் சுவர் உயரத்துக்கு எழுந்தது. ஒரே சிரிப்பு. பதினொன்று நாற்பதுக்கு விளக்குகளைப் பெட்டியில் வைத்தாள். ஆறு. பன்னிரண்டு மணிக்கு வேன் வந்தது, கார்கள் வந்தன. ஏழு பிள்ளைகள் கிளம்பினார்கள்.

பன்னிரண்டு எட்டுக்கு, விளக்குகளை அணைக்க மறந்தது ஞாபகம் வந்து பெட்டியைத் திறந்தாள். ஐந்து எரிந்துகொண்டிருந்தன. ஆறாவது எரியவில்லை. திருப்பினாள். மூடி இல்லை. வட்டமான குழியும் அதில் ஒரு சின்னக் கம்பிச் சுருளும் மட்டும் இருந்தன.

அந்தக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கண்ணால் பார்த்தது போதவில்லை.

"லோகேஸ்!"

அந்தக் குரலைக் கேட்டு லோகேஸ்வரி ஓடி வந்தாள். இருவரும் முட்டி போட்டுத் தேடினார்கள். பாயைத் தூக்கினார்கள், பொம்மைக் கூடையைக் கவிழ்த்தார்கள், குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டினார்கள். மேசைக்கடியில் மூடி கிடைத்தது. காசு போன்ற அந்தத் தட்டைப் பேட்டரி கிடைக்கவில்லை. இன்னும் போகாமல் இருந்த நான்கு பிள்ளைகளின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள், சட்டைப் பைகளைத் துழாவினாள். ஒரு பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தது.

அலுவலக அறையிலிருந்து ஷாமினி வந்தாள். "எங்கயாவது உருண்டு போயிருக்கும் லா. சாயங்காலம் கூட்டும்போது கிடைக்கும்."

புஷ்பவல்லி அதைக் கேட்டு நிற்கவில்லை. இன்னொரு விளக்கிலிருந்து பேட்டரியைக் கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். இரண்டு கடை தள்ளி டாக்டர் விஷ்ணுப்ரியாவின் கிளினிக். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டிக் கதவைத் தள்ளினாள்.

"டாக்டர், இதை ஒரு பிள்ளை முழுங்கியிருந்தா?"

டாக்டர் அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். இருபது சென் காசின் அளவு. அவர் முகம் மாறுவதைப் புஷ்பவல்லி கண்ணால் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு?"

"தெரியல. பதினொன்னேகாலுக்கு மேல இருக்கும்."

"தொண்டையில மாட்டினா ரெண்டு மணி நேரத்துல உள்ள சதையை அரிச்சிடும் டீச்சர். எந்தப் பிள்ளைன்னு உடனே கண்டுபிடிங்க. சாப்பாடு வேணாம், வாந்தி எடுக்க வைக்க வேணாம். முழுங்க முடிஞ்சா ரெண்டு ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆனா அதுக்காக ஒரு நிமிஷம்கூட நிக்கக் கூடாது. நேரா பெரிய ஆஸ்பத்திரி, எக்ஸ்ரே. பேட்டரின்னு வாசல்லயே சொல்லணும்."

அவள் திரும்பப் படியேறி ஓடினாள். கதவருகே நின்றிருந்த ஷாமினியிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னாள்.

"ஏழு பேருக்கும் போன் பண்ணி, உங்க பிள்ளை பேட்டரி முழுங்கியிருக்கலாம்னு சொல்லப் போறீங்களா? யோசிங்கக்கா. நாளைக்கு இந்த ஸ்கூல் இருக்காது. உங்களுக்கும் வேலை இருக்காது."

புஷ்பவல்லி முதலாளிகளை எதிர்த்துப் பேசியவள் இல்லை. அன்று பேசினாள். "ஏழு பேரையும் கூப்பிடுவேன். என்னை வர வேணாம்னு நாளைக்குச் சொல்லிக்குங்க, மேடம்."

லோகேஸ்வரி அதற்குள் முதல் எண்ணை அழைத்துவிட்டாள். புஷ்பவல்லி பதிவேட்டை எடுத்தாள். எழுத்து கண்ணில் நிற்கவில்லை. அப்போதுதான் தோன்றியது, ஆறாவது விளக்கு மூன்றாவது டேப்லட்டுடையது. அந்த டேப்லட்டை மூன்றே பிள்ளைகள்தான் பயன்படுத்தினார்கள். படங்கள் உள்ளே இருக்கும்.

திறந்தாள். பதினொன்று பதினெட்டு, கிஷன், டைனோசர் நிழல். இரண்டு விளக்கும் எரிகின்றன. பதினொன்று இருபத்தொன்று, சஹர், கரடி நிழல் மங்கலாக. ஒரு விளக்குதான் எரிகிறது. அடுத்தது பதினொன்று இருபத்திரண்டு, அதுவும் சஹர். நிழலும் இல்லை, சுவரும் இல்லை. பிள்ளையின் விரல் தவறான இடத்தில் பட்டு முன்பக்கக் கேமரா எடுத்த படம். மிக அருகில் சஹரின் முகம். கண் பெரிதாகத் திறந்து தன்னையே பார்க்கிறது. லேசாகப் பிரிந்த உதடுகளுக்கு நடுவே வெள்ளியாக ஒரு விளிம்பு.

புஷ்பவல்லி ஏதோ ஒரு சத்தம் போட்டதாக லோகேஸ்வரி பிறகு சொன்னாள். புஷ்பவல்லிக்கு அது நினைவில்லை. மணி பன்னிரண்டு முப்பத்தொன்று.

சஹரின் அப்பா ரபீக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அம்மா ஹஸீனா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். அங்கே வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். அதனால் தினமும் ரபீக்தான் பிள்ளையை அழைத்துக்கொண்டு ஃபெடரல் நெடுஞ்சாலை வழியாகக் கடைக்குப் போவார். கடை சேர்ந்ததும் சஹர் பரோட்டா சாப்பிடும். அதைப் பிள்ளையே வகுப்பில் பல தடவை சொல்லியிருக்கிறது.

ரபீக் போனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவையும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவையும். ஹஸீனாவின் போன் அணைந்திருந்தது. பிள்ளையின் சேர்க்கைப் படிவத்தில் அவசர எண் என்ற இடத்தில் கடையின் எண் இருந்தது. எடுத்தவர் ரபீக்கின் அண்ணன் கௌஸ். பின்னால் பாத்திரச் சத்தம்.

"தம்பி இன்னும் வரல டீச்சர். என்ன விஷயம்?"

சொன்னாள். எந்த வரிசையில் சொன்னாள் என்று தெரியாது. "அண்ணே, தயவுசெஞ்சு ரோட்டுல போய் நில்லுங்க. கார் வந்ததும் அப்படியே ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க. சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க. கடையில தேன் இருக்கா?"

"இருக்கு."

"கையில எடுத்துக்குங்க."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் தூரமாகி, தெருச் சத்தம் வந்தது. அவர் ஓடுகிறார் என்று புரிந்தது.

புஷ்பவல்லி கைப்பையை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போனாள். நெடுஞ்சாலையில் வண்டிகள் நகராத ஜேம் என்று போன் சொன்னது. மழையும் ஆரம்பித்திருந்தது. கிளம்பும்போது ஷாமினி கையைப் பிடித்தாள். "போங்க, தடுக்கல. ஆனா விளக்கு யாருடையதுன்னு மட்டும் இப்போ சொல்லாதீங்க. ஆப்ல வந்த பாடம்னு சொல்லுங்க, போதும்." புஷ்பவல்லி கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கொமுட்டர் ரயில் கிளம்பியபோது கௌஸ் அழைத்தார். கார் வந்துவிட்டது. பிள்ளை தூங்குகிறது என்று ரபீக் போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தார். எழுப்பியபோது சஹரின் வாயோரம் எச்சில் ஒழுகி, சட்டைக் காலர் முழுக்க நனைந்திருந்தது. தொண்டையைக் காட்டி, "முள்ளு," என்றது. தேனை நக்கி, முகத்தைச் சுளித்து விழுங்கியது. "இப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போய்க்கிட்டிருக்கோம்," என்றார். பிறகு அவரிடமிருந்து எதுவும் வரவில்லை.

உட்கார இடம் இருந்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். ஷா ஆலாம் வந்தது, சுபாங் ஜெயா வந்தது. அந்தப் படத்தை மறுபடி பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் அது கண்ணுக்குள்ளேயே இருந்தது. பதினொன்று இருபத்திரண்டுக்குத் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தாள். முதல் மேசையில் ஒரு பிள்ளைக்கு மூக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். நாலடி தூரம். திரும்பியிருந்தால் பார்த்திருக்கலாம். மூடியைக் கட்டைவிரலால் அழுத்தியது ஞாபகம் வந்தது. நகத்தால் இழுத்துப் பார்க்கவில்லை. பிள்ளைகள் நகத்தால்தான் இழுப்பார்கள். அது தனக்குத் தெரியாததா?

சின்னையா அழைத்தான். லோகேஸ்வரி சொல்லியிருக்கிறாள். துறைமுக வாசலில் லோரி வரிசையில் நிற்கிறானாம்.

"எங்க இருக்க?"

"ரயில்ல."

எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவன். அன்று கேலி வரவில்லை. "நான் வரட்டா?" என்றான்.

"வேணாம். மழையில மெதுவா ஓட்டுங்க."

கே.எல். சென்ட்ரலில் இறங்கி டாக்சி பிடித்து அவள் மருத்துவமனை சேர்ந்தபோது மணி இரண்டேகால். மூன்றாவது மாடித் தாழ்வாரத்தில் ரபீக் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். பக்கத்தில் கௌஸ், எண்ணெய்க் கறை படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. ஹஸீனா பிளாஸ்டிக் நாற்காலியில் பிள்ளையின் காலணிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கௌஸ் தொழிற்சாலைக்குப் போன் செய்ய, மேற்பார்வையாளரே தன் காரில் கொண்டு வந்து விட்டாராம்.

"எக்ஸ்ரேயில தெரிஞ்சிச்சு," என்றார் கௌஸ். "காசு மாதிரி, உள்ள இன்னொரு வளையம். மேல்பக்கமே மாட்டியிருக்கு. இப்போ உள்ள கொண்டு போயிருக்காங்க."

ரபீக் திரும்பினார். "டீச்சர், ஆப்ல பாடம்னு தானே சொன்னீங்க? படம் ஓடும், பிள்ளைங்க தொட்டு விளையாடும்னு தானே சொன்னீங்க? பேட்டரி எங்கிருந்து வந்துச்சு?"

ஷாமினி சொல்லிக்கொடுத்த பதில் நாக்கிலேயே இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடத்தைக் கடந்திருக்கலாம். ஹஸீனா தலை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆப்ல இருந்த விளக்கு வெறும் படம்," என்றாள் புஷ்பவல்லி. "இது என் வீட்டு விளக்கு. பிள்ளைங்க நிஜமா பார்க்கணும்னு நான்தான் கொண்டாந்தேன். மூடியைச் சரியா பார்க்கல. தப்பு என்னோடது."

ஹஸீனா மறுபடியும் காலணிகளைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"போயிருங்க டீச்சர்," என்றார் ரபீக். கத்தவில்லை. "இப்போ உங்களைப் பார்க்க முடியல."

அவள் கீழே இறங்கி, மருந்து வாங்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தூண் ஓரமாக நின்றாள். வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒவ்வொரு தடவை லிஃப்ட் திறக்கும்போதும் எட்டிப் பார்த்தாள். மூன்று இருபதுக்கு கௌஸ் வந்தார். அவளைத் தேடித்தான் வந்திருந்தார்.

"எடுத்துட்டாங்க."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"முழுசா முடியல டீச்சர். உள்ள வெந்திருக்கு. மூக்குவழி டியூப் போட்டிருக்காங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு எப்போ வேணும்னாலும் உள்ள கசியலாம், ரத்தம் வரலாம்னு டாக்டர் சொல்றாரு. அதுவரைக்கும் நிச்சயமா ஒன்னும் சொல்ல முடியாதாம்."

அந்த மூன்று வாரம்தான் அவள் வாழ்க்கையிலேயே நீளமானது. பள்ளியில் அவளை விடுப்பில் போகச் சொல்லிவிட்டார்கள். கல்வி அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தபோது, நடந்ததை ஒன்றுவிடாமல் தன் கையாலேயே நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். பெற்றோர் குழுவில் யாரோ 'சும்மா ஆப்பை மட்டும் காட்டியிருக்கலாமே' என்று எழுதியதை லோகேஸ்வரி மறைக்கப் பார்த்தாள், முடியவில்லை. சமைக்கும்போது போன் அடித்தால் கரண்டி கையிலிருந்து விழும். ஒவ்வொரு மாலையும் கௌஸ் ஒரு வரி அனுப்பினார். 'காய்ச்சல் இல்லை.' 'இன்று சத்தமாக அழுதாள்.' 'டியூப் எடுத்தாச்சு.' ஒன்பதாம் நாள், 'வீட்டுக்கு வந்தாச்சு.' வீட்டுக்கு வந்தாயிற்று என்றதும் பயம் இன்னும் கூடியது. மருத்துவமனையில் என்றால் டாக்டர் பக்கத்தில் இருப்பார். வீட்டில் கசிந்தால்?

இருபத்து மூன்றாம் நாள் தொண்டைக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அன்று பிற்பகல் அழைத்தது ஹஸீனா. புஷ்பவல்லி போனைக் காதில் வைத்தாள்.

"டீச்சர், ஆறிடுச்சு. தழும்பு கொஞ்சம் இருக்கு. சுருங்காம இருக்கான்னு இன்னும் ஒரு தடவை பார்ப்பாங்க. காலையில கஞ்சி குடிச்சா. இப்போ இடியாப்பம் கேட்டு அழறா."

புஷ்பவல்லி அழுதாள். அந்தப் பக்கம் ஹஸீனா காத்திருந்தாள்.

"ஒன்னு கேட்கணும். எங்க பிள்ளைதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அண்ணன் ஏதோ போட்டோன்னு சொன்னாரு."

அவள் சொன்னாள். "அனுப்புங்க," என்றாள் ஹஸீனா. புஷ்பவல்லி தயங்கி, லோகேஸ்வரி மூலம் வாங்கி அனுப்பினாள். வெகுநேரம் கழித்துத்தான் ஹஸீனா மறுபடி அழைத்தாள்.

"நீங்க போன் பண்ணலேன்னா நாங்க சளின்னு நினைச்சிருப்போம். தூங்கட்டும்னு விட்டிருப்போம். டாக்டர் அதைத்தான் சொன்னாரு. உங்க மேல கோபம் போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இது உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு சொன்னேன்."

"சொன்னது போதும்மா," என்றாள் புஷ்பவல்லி.

ஜனவரியில் ஷாமினி அவளைத் திரும்பக் கூப்பிட்டாள். கையெழுத்துப் போட ஒரு தாளும் வைத்திருந்தாள். அறிவியல் பாடத்துக்குச் செயலி மட்டும்தான், பிள்ளைகள் கையில் எந்தப் பொருளும் தரக்கூடாது என்று அதில் இருந்தது. புஷ்பவல்லிக்கு அது பெரிய நிம்மதியாகத்தான் இருந்தது. பேனாவை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள்.

"என்னக்கா?"

"தெரியல மேடம். கையெழுத்துப் போட்டா எனக்கு நல்லதுதான். ஆனா பேட்டரி பிள்ளைங்க வீட்டுல எல்லா இடத்துலயும் இருக்கு. ரிமோட்ல, பொம்மையில, பாட்டுப் பாடுற பர்த்டே கார்டுல. அதை யாரும் அவங்களுக்குச் சொல்லலையே."

ஒரு வாரம் பேசித்தான் முடிவுக்கு வந்தார்கள். செயலி இருக்கும். பொருளும் இருக்கும், ஆனால் திருகாணி போட்டு மூடாத பேட்டரிப் பொருள் எதுவும் பள்ளிக்குள் வராது. ஒவ்வொரு பொருளையும் இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். வகுப்பு தொடங்கும் முன் ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். டாக்டர் விஷ்ணுப்ரியா வர ஒத்துக்கொண்டார். நடந்ததைத் தானே சொல்வதாகப் புஷ்பவல்லி சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாடி அறையில் நாற்பது பேர் இருந்தார்கள். எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டர் பேசி முடித்ததும் அவள் எழுந்து, எந்த நாள், எந்த விளக்கு, எதைப் பார்க்கத் தவறினாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசி வரிசையில் ஹஸீனா உட்கார்ந்திருப்பதைப் பேச்சின் நடுவில்தான் பார்த்தாள். ஒரு நிமிடம் வார்த்தை நின்றுவிட்டது. ஹஸீனா தலையை லேசாக அசைத்தாள். மேலே சொல்லுங்கள் என்பது போல. சொன்னாள்.

முடித்ததும் பாலன் என்ற ஒரு தந்தை எழுந்தார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். இவ்வளவு பயத்தோட இதெல்லாம் எதுக்கு? ஆப்பே நல்லா சொல்லிக் கொடுக்குதே."

புஷ்பவல்லி மைக்கை மறுபடி வாயருகே கொண்டு வந்தாள்.

"பயமாத்தான் இருக்கு அண்ணே," என்றாள். "திங்கட்கிழமை விதை முளைக்கிற பாடம். பச்சைப் பயறு ஊற வெச்சிருக்கேன். மூடியை ஒட்டின போத்தல்ல, வெளியே இருந்து பார்க்கிற மாதிரி. முடிஞ்சா நீங்களும் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பாருங்க."

அவர் உட்கார்ந்துகொண்டே, "செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு," என்றார்.

"செவ்வாய்க்கிழமைக்குள்ள வேர் விட்டுடும்," என்றாள் அவள். மைக்கைக் கொடுத்துவிட்டு அருகில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.